ஆறில்லா நாட்டில் முந்திரிகைத் தோட்டம்



முந்திரி என்றதும் தமிழ்நாட்டுச் சகோதரிகளுக்குப் பாயசத்தில் நெய்யில் வறுத்துப் போடும் பருப்புதான் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்தில் அப்படியல்ல. அங்கே முந்திரிகை என்றால் திராட்சைப் பழம். பாயசத்துப் பருப்புக்குப் பெயர் கஜு.

உலகத்தில் பேர் பெற்ற திராட்சைத் தோட்டங்கள் பலவும் ஆற்றங்கரையில் இருப்பவை. ஐரோப்பாவில் ரைன் நதிச் சரிவுகளைச் சொல்வார்கள். நம் தமிழ்நாட்டில் 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையும் முல்லைப் பெரியாறு பாயும் பள்ளத்தாக்கில்தான் விளைகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. பிறகு எப்படி அங்கே குலை குலையாகப் பழம் தொங்குகிறது? பாடசாலை விடுமுறையில் மனைவி மக்களுடன் அதைப் பார்க்கப் போனோம். கண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

போனால் சைக்கிளில் போக வேண்டும். குடாநாட்டில் மேடு பள்ளம் இல்லை; தோட்டங்களுக்குப் போகும் ஒழுங்கைகளோ ஒடுக்கமானவை. 1990களில் எரிபொருள் உள்ளே வராத காலத்தில் நோயாளி, விறகு, நெல் மூட்டை எல்லாம் சைக்கிளில்தான் போயின. இன்றும் சைக்கிள் இல்லாத வீடு அங்கே குறைவு. பெண்கள் சைக்கிளில் போவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாட்டி வயதுப் பெண்களும் சேலையுடன் ஓட்டிப் போவார்கள். ஆகவே சகோதரிகளே, உங்களுக்குக் கூச்சம் வேண்டாம்.

சோனகத் தெருவில் தொடங்கி

நம்மவர் புறப்படும் இடம் யாழ் நகரின் சோனகத் தெரு. ஒஸ்மானியாக் கல்லூரி அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. 1990 அக்டோபர் 30ஆம் தேதி விடுதலைப் புலிகள் இங்கிருந்த முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து அப்படி வெளியேறியவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலோர் புத்தளத்தில் ஒதுங்கினார்கள். 2009இல் போர் முடிந்த பிறகு ஒரு பகுதியினரே திரும்பினார்கள். திரும்பியவர்களை வரவேற்றவை கூரை இல்லாத சுவர்களும் தூர்ந்துபோன கிணறுகளுமே. அந்த ஊரில் குடியேறுவதென்றால் முதல் வேலை கிணறு இறைப்பது. கிணற்றில் தண்ணீர் தெளிந்தால்தான் அடுப்பில் உலை ஏறும். இந்தக் கிணற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பயணம் முழுவதும் இது கூடவே வரும்.

செம்மண் ஒழுங்கைகளில்

பலாலி வீதியில் திருநெல்வேலி, கோண்டாவில் தாண்டி 7, 8 கிலோமீட்டர் மிதித்தால் உரும்பிராய். அங்கிருந்து கோப்பாய், நீர்வேலிப் பக்கம் திரும்பும்போதே சக்கரத்தில் செம்பாட்டு மண் ஒட்டிக்கொள்ளும். வெங்காயப் பாத்தி, புகையிலை, வாழை, அவற்றுக்கு நடுவே முந்திரிகைப் பந்தல். தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்குச் சற்று மேலே கொடியைப் படர விட்டிருக்கிறார்கள். வெயிலில் மிதித்துக் களைத்து அந்தப் பந்தலின் கீழ் நிற்கும்போது கிடைக்கும் குளிர்ச்சி இருக்கிறதே, அல்ஹம்துலில்லாஹ்!

குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் கொடி தானாக இலை உதிர்த்து ஓய்வெடுக்கும். யாழ்ப்பாணத்தில் பனிக்காலம் இல்லை. ஆகவே தோட்டக்காரரே கொடியை வெட்டிக் கவ்வாத்துச் செய்து, ஓய்வு கொடுத்து எழுப்புகிறார். வெட்டிய மூன்றரை, நான்கு மாதத்தில் பழம். பழுக்கும் நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடிக்கும், பூஞ்சணம் பிடிக்கும். அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையைக் கணக்குப் பார்த்தே கத்தரி எடுக்கிறார்கள். அங்கே அதிகம் காண்பது 'இஸ்ரேல் புளூ' என்ற கருநீல வகை. ஐரோப்பாவில் போல மதுவுக்காக அல்ல, இங்கே பெரும்பாலும் அப்படியே உண்பதற்காகவே பயிரிடுகிறார்கள்.

ஒரு தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் என் மனைவியைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இஞ்ச வாங்கோ. கறுத்த உடனே பழுத்திட்டுது எண்டு நினைக்காதேங்கோ. குலையின்ர நுனியில கிடக்கிற பழத்தைச் சாப்பிட்டுப் பாருங்கோ. அது இனிச்சா முழுக் குலையும் இனிக்கும்."

சகோதரிகளே, சந்தைக்குப் போகும்போது இதை மறவாதீர்கள். குலையின் நுனியில் உள்ள பழமே கடைசியாகப் பழுக்கும். திராட்சை பறித்த பின் பழுக்காது. வீட்டில் வைத்திருந்தால் வாடுமே தவிர இனிக்காது.

"தண்ணி நல்லா இருக்கிற மட்டும்தான் எங்கட தோட்டம்" என்றும் அவர் சொன்னார்.

உவரின் மேல் மிதக்கும் நன்னீர்

குடாநாட்டின் அடி முழுவதும் சுண்ணாம்புக் கல். மழை நீர் அந்தக் கல்லின் துவாரங்களில் இறங்கி, கீழே உள்ள கடல் நீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கிறது. இனிப்பு நீர் எடை குறைந்தது, உவர் நீர் எடை கூடியது என்பதே காரணம். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இதன் மறுபக்கம்தான் அச்சம் தருவது: அளவு மீறி இறைத்து மேல்மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், அடியிலிருந்து உவர் 40 அடி மேலே வரப் பார்க்கும்.

இதைக் கண்ணால் காண, இன்னும் ஒரு மணி நேரம் மிதித்துப் புத்தூருக்கு அருகே நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றுக்குப் போங்கள். அடியில்லாக் கிணறு என்று ஊரார் சொல்லும் அதில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர் நீர். அல்புர்கான் அத்தியாயத்தின் 53ஆம் வசனம் இனிய நீரையும் உவர் நீரையும் அவற்றுக்கு இடையிலான தடுப்பையும் பேசுகிறது. வகுப்பில் அதற்கு ஆறும் கடலும் சேரும் இடத்தை உதாரணம் காட்டுவோம். நிலாவரையின் படியில் நின்றபோது, ஒரு கிணற்றுக்குள்ளும் அந்த அத்தாட்சியை நினைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

மழைக்காலத்து ஆறு

ஆறில்லை என்றேனே, மழைக்காலத்தில் மட்டும் ஒன்று உண்டு. அதன் பெயர் வழுக்கையாறு. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக நெல் வயல்களுக்கு நடுவே ஓடி, அராலியில் கடனீரேரியைச் சேர்கிறது. மார்கழியில் போனால் இரு கரையிலும் பச்சை வயல். ஆடியில் போனால் வெறும் பள்ளம். ஆனால் அந்தச் சில வார ஓட்டமும் வழியிலுள்ள குளங்களும்தான் கல்லுக்குள் நீரை இறக்கிக் கிணறுகளை நிரப்புகின்றன. குளத்தைத் தூர்த்து வீடு கட்டுபவர் தம் கிணற்றையே தூர்க்கிறார்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. பயிருக்கு மிதமிஞ்சிப் போடும் யூரியா, மண்ணில் நைட்ரேட்டாக மாறிச் சுண்ணாம்புக் கல் வழியே கிணற்றில் இறங்குகிறது. குடிநீர் ஒரு லீட்டரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. யாழ்ப்பாணத்துத் தோட்டப் பகுதிக் கிணறுகள் சிலவற்றில் அது மீறியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பாதிக்கப்படுவது முதலில் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை. அதன் இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் சக்தியை இழந்து உடல் நீலம் பாரிக்கும். தாய்மார்களே, கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். யாழ்ப்பாணமானாலும் காயல்பட்டினமானாலும், தோட்டத்தை ஒட்டிய கிணற்று நீரைப் பரிசோதிக்காமல் குழந்தைக்குப் பால் கரைக்காதீர்கள்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் உளூச் செய்தார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸ். ஒரு முத்து என்பது இரு கைகள் கொள்ளும் அளவுதான். இன்று குழாயைத் திறந்து விட்டுவிட்டு, உளூச் செய்து முடிப்பதற்குள் எத்தனை முத்து ஓடிவிடுகிறது!

திராட்சையைத் தன் அருட்கொடைகளில் ஒன்றாகத் திருமறையில் பல இடங்களில் அல்லாஹ் எண்ணிக் காட்டுகிறான். அடுத்த முறை பிள்ளைக்கு ஒரு குலை கழுவிக் கொடுக்கும்போது, ஒரு சொட்டு மழை கல்லுக்குள் இறங்கி, உவரின் மேல் மிதந்து, கொடியில் ஏறிப் பழமான கதையையும் சொல்லிக் கொடுங்கள். பழம் கழுவிய நீரை வீணே கொட்டாமல் முருங்கைக்கோ கறிவேப்பிலைக்கோ ஊற்றச் சொல்லுங்கள். மண்ணுக்குக் கீழே இருக்கும் நீர் நமக்கு மட்டும் உரியதல்ல; அடுத்து வருபவர்களுக்காக நம்மிடம் விட்டுவைத்த அமானிதம்.