கடனுக்கு எதுக்குங்க ‘பி’?

பி-யு-டி ‘பட்’. பி-யு-டி ‘புட்’. எந்த ‘பி’ன்னு கேக்காதீங்க, தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணுதான்! இங்கிலீஷைக் கிண்டல் பண்ணலாம்னு உட்கார்ந்தா, முதல் வரியிலயே நம்ம தலையிலயும் ஒரு குட்டு விழுது பாருங்க. ஆனாலும் விடறதா இல்லை. ‘டஃப்’, ‘காஃப்’, ‘த்ரூ’ மூணுக்கும் வால் ஒரே ஓ-யு-ஜி-எச்தான். சத்தம் மட்டும் ஆளுக்கொண்ணு. இது என்ன நியாயம்?

சாயங்காலத்துல எங்க தெருப் பசங்க அஞ்சாறு பேருக்கு ட்யூஷன் எடுக்கறேன். அதுல ஏழாவது படிக்கிற ஒரு வாண்டு, ஒருநாள் டிக்டேஷன் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினா. இருபதுக்கு ஏழு! கடன்ங்கிற அர்த்தத்துல வர்ற ‘டெட்’டை டி-இ-டின்னு எழுதியிருக்கா. தீவுக்கு ஐ-எல்-ஏ-என்-டி. ரெண்டையும் சிவப்பு மையில சுழிச்சிருந்தாங்க. “எனக்கு இங்கிலீஷே வராதுக்கா. நான் மக்கு”ன்னு மூக்கை உறிஞ்சறா. காதுல விழுந்ததை அச்சு அசலா எழுதின பிள்ளை மக்காம்!

உண்மையில அவ செஞ்ச ஒரே தப்பு, லேட்டாப் பொறந்தது. பழைய இங்கிலாந்துல கடனுக்கு ‘பி’ கிடையாது. பிரெஞ்சுலேர்ந்து வந்தப்போ அது வெறும் ‘டெட்’தான். அப்புறம் வந்த லத்தீன் பண்டிதர்கள், “இதோட மூலம் ‘டெபிட்டும்’ ஆச்சே!”ன்னு ஒரு ‘பி’யைச் சொருகிட்டாங்க. தீவு கதை இன்னும் மோசம். லத்தீன் ‘இன்சுலா’வுக்கும் அந்த வார்த்தைக்கும் சொந்தமே இல்லை. சொந்தம்னு நினைச்சு ஒரு ‘எஸ்’ போட்டுட்டாங்க. தப்பு பண்ணினது பண்டிதர், மார்க் போனது நம்ம வாண்டுக்கு!

சரி, இதை யாருமே திருத்தப் பார்க்கலையா? பார்த்தாங்களே! அமெரிக்காவுல நோவா வெப்ஸ்டர்னு ஒரு அகராதிக்காரர். ‘கலர்’ல இருந்த ‘யு’வைத் தூக்கினார். ஊர் ஒத்துக்கிச்சு. அதே ஜோர்ல நாக்குக்கு டி-யு-என்-ஜி போதும்னார். ஊர் அதே நாக்கை நீட்டி அழகு காட்டிடுச்சு!

அடுத்து 1906. அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், “300 வார்த்தைகளை இனிமே சுருக்கித்தான் அச்சடிக்கணும்”னு அரசாங்க அச்சகத்துக்கு உத்தரவு போட்டார். எழுத்துச் சீர்திருத்தத்துக்குக் காசு கொடுத்தவர் கோடீஸ்வரர் ஆண்ட்ரூ கார்னகி. அந்த லிஸ்ட்ல ‘கிஸ்டு’ம் உண்டு. ஆறு எழுத்து நாலாச்சு. முத்தத்துல போய் யாராவது சிக்கனம் பார்ப்பாங்களா பாஸ்? பத்திரிகைகள் ஓட்டு ஓட்டுன்னு ஓட்டிடுச்சு. நாடாளுமன்றமும் எதிர்க்க, வருஷம் முடியறதுக்குள்ள உத்தரவு காலி. ஆனா அவர் லிஸ்ட்ல இருந்த டி-எச்-ஆர்-யு, இன்னைக்கு ‘டிரைவ் த்ரூ’ போர்டுல ஜம்முனு உட்கார்ந்திருக்கு!

பிரிட்டன்ல 1949-ல நாடாளுமன்றத்துக்கே மசோதா வந்தது. 84 பேர் ஆதரவு, 87 பேர் எதிர்ப்பு. மூணே ஓட்டு! பெர்னார்ட் ஷா 1950-ல இறந்தப்போ, புது எழுத்து வரிசை உருவாக்கப் பணமே எழுதி வச்சிருந்தார். எழுத்தும் உருவாச்சு, 1962-ல அவரோட நாடகம் ஒண்ணு அந்த எழுத்துல அச்சாச்சு. அதோட சரி!

ஏன் எல்லாமே புஸ்ஸுனு போகுது? பேசற மாதிரியே எழுதணும்னா, யார் பேசற மாதிரி? தண்ணிக்கு லண்டன்ல ‘வோட்ட’, அமெரிக்காவுல ‘வாடர்’, நம்ம ஊர்ல ‘வாட்டர்’. ஒரு டம்ளர் தண்ணிக்கு மூணு ஸ்பெல்லிங் வேணும்! இன்னொண்ணு... ஊமை எழுத்தெல்லாம் வெட்டியும் இல்லை. ‘சைன்’ல வாயே திறக்காத ‘ஜி’, ‘சிக்னேச்சர்’ல கணீர்னு பேசும். ரெண்டும் ஒரே குடும்பம்னு அது காட்டிக் கொடுக்குது. எல்லாத்துக்கும் மேல, கஷ்டப்பட்டு மனப்பாடம் பண்ணினவங்கதானே சட்டம் போடற இடத்துல இருக்காங்க? ‘நாங்க பட்டோம்ல, நீங்களும் படுங்க’ன்னு சீனியர் ராகிங் மாதிரிதான்!

நாமளும் இந்த விளையாட்டுல இறங்கிப் பார்த்தோம். 2020 ஜூன்ல தமிழக அரசு 1,018 ஊர்ப் பேர்களோட இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏத்த மாதிரி மாத்தினது ஞாபகம் இருக்கா? ஆசை நியாயமான ஆசைதான். ஆனா பத்து எழுத்துக் கோவை, கோயம்புத்தூரா மாறினதும் பதினாலு எழுத்து ஆயிடுச்சு. வேலூருக்கு ரெண்டு ‘இ’ போட்டதுல, படிச்சா ‘வீலூர்’! சிரிச்ச சிரிப்புல அந்த மாசமே வாபஸ். ஆனா 1978-ல ‘ணை, லை, றா, னா’ மாத்தினப்போ மட்டும் நிலைச்சுது. பெரியார் 1935-லயே ‘குடி அரசு’ பத்திரிகையில அதைப் புழக்கத்துல விட்டுட்டார். தவிர, அங்கே மாறினது எழுத்தோட உருவம்தான், ஸ்பெல்லிங் இல்லை. அதனால தாத்தா எழுதினதைப் பேரன் படிக்கலாம், பேரன் எழுதினதைத் தாத்தாவும் படிக்கலாம்.

இங்கிலீஷுக்கு அப்படி ஒரு நாள் வர்ற வரைக்கும் மனப்பாடம்தான் பாஸ், வேற வழியில்லை. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. சிவப்பு மையில சுழிக்கிறது அந்த ஒரு வார்த்தையைத்தான். உங்க மூளையை இல்லை!