சுருட்டுச் சாம்பல்

திருச்சியிலிருந்து வந்த நண்பர் உறையூர்ச் சுருட்டுப் பெட்டி ஒன்றைக் கொடுத்தார். கம்பெனிப் பெயர் இங்கு வேண்டாம். கொடுக்கும்போதே "சர்ச்சில் பிடித்தது" என்றார். அடுத்த மூச்சில் "ஷெர்லக் ஹோம்ஸில் வருகிறது" என்றார். மூன்றாவதாக அவர் சொன்னதுதான் உறைத்தது: "இதையாவது உன் நாக்கை வைத்துச் சொல்."

சில வருஷங்களுக்கு முன் ஐரோப்பியக் கவிஞன் ஒருவனின் மொழிபெயர்ப்புத் தொகுப்புக்கு இந்தப் பத்திரிகையில் மதிப்புரை எழுதினேன். ஒன்றரைப் பக்கம். அதில் ஒரு பக்கம் அவனைப் பற்றி மற்றவர்கள் சொன்னது. "மனசில் தங்கின கவிதை ஒன்று சொல்லேன்" என்று இதே நண்பர் வளவனூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். பாண்டிச்சேரி வண்டி வருகிறவரை எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வண்டியும் சீக்கிரம் வரவில்லை.

ஆகவே சுருட்டை உடனே பற்றவைக்கவில்லை. முதலில் அதன் புகழைப் பிரித்துப் பார்த்தேன்.

கானன் டாயிலின் 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' 1887இல் வந்தது. கொலை நடந்த அறையின் தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து, திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று ஹோம்ஸ் சொல்லிவிடுகிறான். கறுத்த நிறம், செதில் செதிலாக இருப்பது, இதுதான் அடையாளம். 1890இல் வந்த 'தி சைன் ஆஃப் ஃபோர்' கதையிலும் இந்தக் கருஞ்சாம்பல் பேச்சு உண்டு. பி.ஏ. படிக்கும்போது இதைப் படித்துவிட்டு நானும் பூரித்தவன்தான். லண்டனில் நம் ஊர்! அன்று கேட்காத கேள்வியை இப்போது கேட்டேன்: அந்தக் கதையில் திருச்சிச் சுருட்டைப் பிடிக்கிறவன் யார்? ஹோம்ஸ் இல்லை, கொலைகாரன். அமெரிக்காவிலிருந்து வந்து லண்டனில் குதிரைவண்டி ஓட்டிப் பிழைக்கிறவன். அதாவது அது ஒரு வண்டிக்காரன் கைக்கும் எட்டுகிற சரக்கு. ஹோம்ஸ் அதைப் புகழவே இல்லை, அடையாளம் கண்டான், அவ்வளவுதான். அடையாளத்தைப் பாராட்டு என்று நூறு வருஷத்துக்கு மேலாகப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

சர்ச்சில் 1895இல் க்யூபா போய் ஹவானாச் சுருட்டில் ருசி கண்டவர். அடுத்த வருஷம் பெங்களூர் ராணுவ முகாமுக்கு வந்தவர். உறையூர்க்காரர்களும் அவரைச் சொந்தம் கொண்டாடுகிறார்கள், திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனி சுற்றிய சுருட்டின் பேரிலும் அவர் கதை வழங்குகிறது. பிடித்திருப்பார். ஆனால் கடைசிவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பது ஹவானாதான். இந்தியர்களைப் பற்றி அவருக்கிருந்த அபிப்ராயத்தைத் தெரிந்துகொண்ட பிறகும் அவரிடம் சான்றிதழ் கேட்கிறோமே, அது வேறு விஷயம். 'செரூட்' என்ற ஆங்கிலச் சொல்லே நம் சுருட்டிலிருந்து போனது. சொல்லைக் கொடுத்துவிட்டுச் சான்றிதழுக்குக் கை நீட்டுகிறோம்.

(உறையூர் பழைய சோழர் தலைநகர். எங்கள் ஊர்ப் பெயரிலும் ஒரு வளவன் இருக்கிறான். இதனால் சுருட்டைப் பற்றி ஒன்றும் தெரிந்துவிடாது.)

இப்படி வெளிப்புகழை உதிர்த்துவிட்டு நிமிர்ந்தால் உள்ளே வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். என் தாத்தா. விடியுமுன் கயிற்றுக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அவர் பற்றவைக்கும் சுருட்டின் நெடியும் தொழுவத்துச் சாண வாசனையும் சேர்ந்ததுதான் எனக்குக் காலை என்பது. பெட்டியும் பெயரும் இல்லாத சுருட்டு, கட்டாக வாங்கி வைத்திருப்பார். வருஷா வருஷம் முனீஸ்வரன் படையலில் சாராயம், கருவாட்டோடு ஒரு சுருட்டும் வைப்போம். தாத்தா போன அடுத்த வருஷம் பாட்டி இரண்டு வைத்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சர்ச்சிலை ஒதுக்குவது சுலபம். இவரை ஒதுக்குவது எப்படி? ரசனை போதும் என்றார் க.நா.சு., அலசிப் பார் என்றார் செல்லப்பா. அலசினால் கடைசியில் தாத்தா வந்து நிற்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க வளவனூர்க் கடைத்தெருவில் சாதாரணச் சுருட்டு ஒரு கட்டு வாங்கியிருந்தேன். உறையூர்ப் பெட்டியின் 85 சதவீதத்தை எச்சரிக்கைப் படம் அடைத்துக்கொண்டிருந்தது. 2016 முதல் அப்படித்தான். மிச்ச இடத்தில் புகழ். சிகரெட்டையே விட்டுப் பல வருஷமான எனக்கு அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே பற்றவைப்பது சங்கடமாகத்தான் இருந்தது. புகையை உள்ளே இழுக்கவில்லை. வாயோடு சரி, வாய்க்கும் அது நல்லதல்ல என்று தெரியும்.

ஹவானாச் சுருட்டின் ஒரு முனை மூடியிருக்கும், வெட்டித்தான் பிடிக்க வேண்டும். நம்முடையது இரண்டு பக்கமும் திறந்தது. இந்த வெளிப்படை எனக்குப் பிடிக்கிறது. மேலிலை சீராகச் சுற்றியிருந்தது. முதல் இழுப்பில் வெல்லம் கட்டின சாக்கின் வாசனை. கொஞ்சம் போனதும் அது அடங்கி, பழைய லெட்ஜரைத் திறந்தால் வருமே, அந்த உலர்ந்த மணம். பாதி வரை நிஜமாகவே நன்றாக இருந்தது. பாதிக்கு மேல் கசப்பு ஏறி நாக்கு தடித்துப்போயிற்று. ஆரம்பத்தில் இருந்த பக்குவம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. சில நாவல்களைப் போல.

சாம்பலை வெள்ளைச் சலான் ஒன்றின் பின்பக்கத்தில் தட்டினேன். செதிலாக உதிர்ந்தது உண்மை. கறுப்பென்று சொல்லமுடியாது, சாம்பல் நிறத்தில் கருந்திட்டுகள். கடைச் சுருட்டைப் பற்றவைத்தேன். எடுத்த எடுப்பில் தொண்டையில் காரம். ஒரு பக்கமாகவே எரிந்தது. அதன் சாம்பல்தான் கருகருவென்று விழுந்தது. ஹோம்ஸ் என் திண்ணைக்கு வந்திருந்தால் வளவனூர்ச் சுருட்டைத்தான் திருச்சினாப்பள்ளி என்றிருப்பான்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் எழுபது தாண்டியவர், நாற்பது வருஷமாகச் சுருட்டுப் பிடிப்பவர். காகிதப் பட்டையைக் கழற்றிவிட்டு ஒன்றைக் கொடுத்தேன். எந்த ஊர் என்று சொல்லவில்லை. பாதி வரை பேசாமல் பிடித்தார்.

"எப்படியிருக்குதுங்கய்யா?"

"நல்லாத்தான் இருக்குது தம்பி. ஆனா இது யாராச்சும் பக்கத்துல குந்திப் பாக்கறப்ப புடிக்கிற சுருட்டு."

"கடைச் சுருட்டு?"

"அது தனியா இருக்கறப்ப."

என் தீர்ப்பு இவ்வளவுதான்: முதல் பாதிக்குப் புகழ் தகும், பின்பாதிக்குத் தகாது. கடைச் சுருட்டு சுமாரான சரக்கு. ஆனால் அதைப் பற்றவைத்த கணமே தொழுவமும் கட்டிலும் வந்துவிட்டன. அதற்காக நான் கூட்டிப் போட்டிருக்கக்கூடிய மதிப்பெண்ணைக் கழித்துவிட்டேன். கழித்தது சரிதானா என்பதில் இன்னும் சந்தேகம் இருக்கிறது. பாட்டி இருந்தால் கழித்திருக்கமாட்டாள்.

நண்பருக்குப் போன் செய்து சொன்னேன். "பாதியா? சரி, அந்தக் கவிஞன்?" என்றார்.

அன்றிரவு தொகுப்பை எடுத்து முன்னுரையையும் பின்னட்டையையும் விட்டுவிட்டுப் படித்தேன். மூன்று கவிதைகள் நின்றன. நான் மதிப்புரையில் பெயர் சொல்லிப் பாராட்டியிருந்தவை அவற்றில் இல்லை. புதிதாக ஒரு பக்கம் எழுதி ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன். போடுவது அவர் இஷ்டம். மிச்சச் சுருட்டுகளைப் பெரியவரிடம் நீட்டினேன். அவர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார், மகன் ஊரிலிருந்து வரும்போது பிடிப்பதற்கு.