அவர் பை எடுத்துக் கொடுத்தார்

2005இல் வந்த 'ஃப்ளைட்பிளான்' படத்தைத் தாமதமாகத்தான் பார்த்தோம். கணவரின் சவப்பெட்டியோடு பெர்லினிலிருந்து நியூயார்க் போகும் ஜோடி ஃபாஸ்டர், நடுவானில் கண்விழித்தால் மகளைக் காணோம். அப்படியொரு குழந்தை ஏறவேயில்லை என்கிறது பயணிகள் பட்டியல். தாயின் பேச்சைவிடக் காகிதத்தை நம்பும் அந்த முதல் பாதி உலுக்குகிறது. பிறகு விமானக் காவலரே வில்லன், பணத்துக்காகச் சதி என்று சப்பென்று ஆகிவிடுகிறது. குழந்தையை ஒரு பயணியும் பார்த்திருக்கமாட்டார் என்று நம்பியா திட்டம் போடுவார்கள்?

அதைக்கூட விட்டுவிடலாம். முந்தின இரவு தன் வீட்டை நோட்டமிட்டது இவர்தான் என்று ஓர் அரபுப் பயணியைக் கைகாட்டுகிறாள் அந்த அம்மா. ஆதாரம் அவர் முகம்தான். எது தொலைந்தாலும் முதலில் விசாரிக்கப்படுகிற மக்களோடு வேலை செய்கிற எங்களுக்கு அதன்பின் கதையில் மனம் ஒட்டவில்லை. கடைசியில் அவள் பையை எடுத்துக் கொடுப்பவரும் அவரே. அவள் ஒரு 'ஸாரி'கூடச் சொல்லவில்லை.