போட்டதை எடுத்துட்டா போதும்!

காரவள்ளியில் இருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே முப்பதாவது வளைவைத் தாண்டுகிறவர்கள் பாக்கியவான்கள். ஆனால் அந்தச் சாலையில் ஒரு நேர்மை இருக்கிறது. பஸ் இப்போது இடது பக்கம் ஒடித்துத் திரும்பினால், அடுத்தது அநேகமாக வலது பக்கம்தான். நாலைந்து வளைவு ஏறியதும் உங்கள் உடம்பே அதைக் கற்றுக்கொண்டுவிடும். டிரைவர் ஸ்டியரிங்கைத் தொடும் முன்பே நீங்கள் சாயத் தயாராகிவிடுவீர்கள்.

சீட்டாட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், சீட்டுக்கட்டும் இந்த மாதிரி ஒரு மலைச்சாலை என்று நினைக்கிறார்கள். 'அஞ்சு கை வரிசையா மோசமா வந்துடுச்சு. அடுத்தது நல்லதா வந்துதானே ஆகணும்?'

வந்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கட்டைக் கலைத்துப் போட்ட அந்த நிமிடமே பழைய கணக்கெல்லாம் அழிந்துபோகிறது. 52 சீட்டுக்கும் ஞாபகசக்தி கிடையாது. ஆடுகிறவருக்கு மட்டும்தான் உண்டு. வில்லங்கமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் சொல்லப்போவது போக்கர் பற்றி. 'அது வெள்ளைக்காரன் ஆட்டம், நமக்கு எதுக்கு?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கல்யாண மண்டப ஜமக்காளத்தில் ரம்மி எப்படியோ, இன்றைக்கு ஐ.டி. பையன்களின் வீக் எண்ட் காட்டேஜ்களில் போக்கர் அப்படி. ஆட்டம் ரொம்ப எளிது. ஆளுக்கு இரண்டு சீட்டு, கவிழ்த்து. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று என்று திறப்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பணம் கட்டலாம், ஏற்றலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்து விலகிக்கொள்ளலாம். மொத்த ஏழில் நல்ல ஐந்து யாருக்கோ, அவருக்கு நடுவில் இருக்கும் பணம். இதைப் பத்து நிமிஷத்தில் கற்றுக்கொள்ளலாம். பத்து நிமிஷத்தில் கற்றுக்கொள்ள முடிவதுதான் இதன் முதல் ஆபத்து.

கொஞ்ச நாள் முன்பு செம்மேட்டில் ஒரு காட்டேஜில் தங்கியிருந்தேன். பக்கத்து அறையில் நாலு பையன்கள். ஆகாய கங்கைக்குப் போய் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை இறங்கி ஏறி, முழங்கால் கழன்ற நிலையில் சாயங்காலம் வராந்தாவில் சீட்டைப் பிரித்தார்கள். 'வாங்க அங்கிள், ஒரு கை' என்றார்கள். பி.காம். படித்தவன் நான். ஆடுவதைவிட அடுத்தவன் ஆடுவதைக் கணக்குப் பார்ப்பதில்தான் எனக்கு ருசி. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

நால்வரில் கடைக்குட்டிப் பையன், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவன், எந்தக் கையையும் விடவில்லை. 'விலகினா என்ன அங்கிள் ஆட்டம்? உக்காந்ததே ஆடத்தானே?' என்றான். எதிரே கண்ணாடி போட்ட ஒருவன் பத்துக்கு ஏழு தடவை கவிழ்த்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். ரம்மி தெரிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும்: கை மோசமென்றால் ஸ்கூட் விட்டு, குறைந்த பாயின்டோடு தப்பிப்பவன்தான் கடைசிவரை மேஜையில் இருப்பான். போக்கரிலும் விலகுவதுதான் அதிகம் பயன்படும் ஆயுதம். புதியவர்கள் அதைக் கோழைத்தனம் என்று நினைக்கிறார்கள்.

இன்னொரு நினைப்பு, 'நல்ல சீட்டு வந்தா ஜெயிச்ச மாதிரிதான்!' கையில் வரும் இரண்டு சீட்டில் உச்சம், ஜோடி ஏஸ். 221 தடவைக்கு ஒருமுறைதான் வரும். எதிரே ஒரே ஒருவர், ஏதோ ஒரு கையோடு கடைசிவரை நின்றாலே, இந்த ராஜ கை நூற்றுக்குப் பதினைந்து தடவை தோற்கும். நாலு பேர் நின்றால், ஏறக்குறைய 44 தடவை தோற்கும். ஏஸ் ஜோடியோடு தோற்றவர்கள் 'கட்டை யாரோ அமுக்கிட்டான்' என்று சண்டைக்குப் போவார்கள். யாரும் அமுக்கவில்லை. கணக்கு அப்படி.

சினிமா கற்றுக்கொடுத்த தப்பும் ஒன்று உண்டு. 2006ல் வந்த 'கேசினோ ராயல்' படத்தில், கடைசி ஆட்டத்தில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் அபூர்வமான கைகள். எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது ஜேம்ஸ்பாண்டின் கை. நிஜ ஆட்டத்தில் முக்கால்வாசிக் கைகள் சப்பென்று முடியும். ஒருவர் ஏற்றுவார், மற்றவர்கள் கவிழ்ப்பார்கள். அவ்வளவுதான். பொய்யாக மிரட்டுவதும் அப்படித்தான். 'பிளஃப்' என்றால் கூலிங் கிளாஸும் முறைப்பும் என்று நினைக்கிறோம். ஜான் வான் நியூமன் என்ற கணித மேதை 1928லேயே இந்த மாதிரி ஆட்டங்களுக்குக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். எத்தனை தடவைக்கு ஒருமுறை மிரட்ட வேண்டும் என்பதுகூட அதில் ஒரு கணக்குதான். மீசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வராந்தாவுக்கு வருவோம். எட்டு மணி வாக்கில் ஒரு ஆட்டம். இரண்டு பேர் விலகிவிட்டார்கள். நடுவில் 800 ரூபாய். அதில் 400 நம் கடைக்குட்டி போட்டது. நாலு பொதுச் சீட்டுகள் திறந்தாயிற்று. அவனிடம் நாலு ஆட்டின். ஐந்தாவது ஆட்டின் வந்தால் ஜெயிப்பான், வராவிட்டால் ஒன்றுமில்லை. கண்ணாடிக்காரன் ஆயிரம் ரூபாய் வைத்தான். தொடர வேண்டுமானால் இவனும் ஆயிரம் வைக்கவேண்டும்.

'ஏற்கெனவே 400 போட்டாச்சு. இப்ப எப்படி விடறது?' என்றான்.

காஸ்ட் அக்கவுன்ட்ஸ் வகுப்பில் எங்கள் வாத்தியார் கரடியாகக் கத்திய விஷயம் இது. போட்ட பணம் உங்களுடையது அல்ல. அது நடு மேஜையினுடையது. இனி போடப்போகும் ஆயிரம் மட்டுமே உங்களுடையது. அதை மட்டும் வைத்துக் கணக்குப் போடுங்கள். கண்ணுக்குத் தெரியாத சீட்டுகள் 46. அதில் ஆட்டின் 9. அதாவது, ஐந்தில் ஒரு தடவைகூட முழுசாக வராது. வரும் என்றே வைத்துக்கொள்வோம். இதே நிலைமையில் ஐந்து தடவை ஆயிரம் போட்டால், ஒரு தடவை 1,800 ரூபாய் கிடைக்கும். நாலு தடவை ஆயிரம் ஆயிரமாக 4,000 போகும். நிகர நஷ்டம் 2,200. ஒவ்வொரு முறை ஆயிரம் வைக்கும்போதும் 440 ரூபாயைத் தூக்கி அருவியில் போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

பையன் ஆயிரம் வைத்தான். கடைசிச் சீட்டு திறந்தது. ஆட்டின் எட்டு!

ஒரே கூச்சல். பையன் எழுந்து ஆடினான். தோற்ற கண்ணாடிக்காரனைப் பார்த்தேன். அவன் நிதானமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். எனக்குக் கொல்லிப்பாவை ஞாபகம் வந்தது. சங்கப் பாடல்கள் பேசும் அந்தப் பாவை, மலைக்கு வரும் எதிரிகளைச் சிரித்து மயக்கியே கொன்றுவிடும் என்பது கதை. பையனுக்கு அன்று நேர்ந்த பெரிய நஷ்டம் அந்த வெற்றிதான். தப்பான முடிவு எடுத்தான், நல்ல பலன் வந்தது. இனி ஜென்மத்துக்கும் 'உள்மனசு சொல்லிச்சு அங்கிள்' என்றுதான் சொல்வான். பலனை வைத்து முடிவை எடைபோடுவதுதான் புதியவர்களின் ஆதாரத் தவறு. குடித்துவிட்டு வண்டி ஓட்டி, 70 வளைவும் பத்திரமாக இறங்கிவிட்டால் குடித்தது சரி என்று ஆகிவிடுமா?

மணி பன்னிரண்டு. பையன் தோற்றுக்கொண்டிருந்தான். இப்போது வேறு பல்லவி: 'போட்டதை எடுத்துட்டா போதும், எந்திரிச்சிடுவேன்.' செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் வீழ்த்தியவன் என்று புறநானூறு சொல்லும் வள்ளல். தோற்பவர்கள் எல்லோரும் நள்ளிரவில் ஓரியாகிவிடுகிறார்கள். இருப்பதை எல்லாம் ஒரே கையில் வைத்து, போன ஐந்தையும் ஒரே அம்பில் அடித்துவிடப் பார்க்கிறார்கள். பையன் மூன்று அம்பு விட்டான். ஒன்றும் படவில்லை. செல்போனை எடுத்து 6,500 ரூபாய் அனுப்பினான். அதில் பாதி ஊரில் அம்மாவுக்கு அனுப்ப வைத்திருந்தது என்று அப்புறம் சொன்னான்.

காலையில் கண்ணாடிக்காரனிடம் கேட்டேன், 'எப்படித் தம்பி?' அவன் சொன்னதை அப்படியே தருகிறேன்: 'நான் என் சீட்டைப் பார்த்து ஆடலை சார். அவன் எப்ப எந்திரிக்க மாட்டான்னு பார்த்து ஆடறேன்.'

இதைத்தான் திறமை என்கிறோம்.

'போக்கர் திறமை ஆட்டம்னு கோர்ட்டே சொல்லியிருக்கு' என்று ஒரு வாதம் அடிக்கடி வரும். உண்மைதான். ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1967லேயே சொன்னது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், தமிழக அரசின் தடைச் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது. சரி. ஆட்டத்தில் திறமை இருக்கிறது என்றுதான் நீதிமன்றம் சொன்னது. உங்களிடம் இருக்கிறது என்று சொல்லவில்லை. கர்னாடக சங்கீதம்கூடத் திறமைதான். அதற்காக நாளைக்கே மியூசிக் அகாடமியில் பணம் கட்டிப் பாட உட்காருவீர்களா? அதிர்ஷ்ட ஆட்டத்தில் எல்லோரும் சமம். திறமை ஆட்டத்தில்தான் புதியவன் நிச்சயமாகத் தோற்பான்.

காட்டேஜைப் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்குக் கொஞ்சம் மிளகும் பலாவும் உண்டு. இரவு கூத்தைச் சொன்னேன். 'எங்க பொழப்பு மட்டும் என்ன சார்? மழை வந்தா வரவு, இல்லாட்டி செலவு. வெவசாயமே சூதாட்டந்தான்' என்றார்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அவர் கொடியில் இருந்து மிளகு வருகிறது. நேற்று இல்லாத ஒரு பொருள் இன்று இருக்கிறது. சோளக்காடு சந்தையில் அவர் விற்றாலும் லாபம், வாங்குகிறவருக்கும் லாபம். போக்கர் மேஜையில் ஒரு ரூபாய்கூட முளைப்பதில்லை. வந்த பணம்தான் இடம் மாறுகிறது. நண்பர்கள் ஆடினால் அதுவாவது மிஞ்சும். கிளப் என்றால் ஒவ்வொரு ஆட்டத்திலும் கமிஷன். கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்: ஆறு பேர், தலைக்கு 2,000, மொத்தம் 12,000 ரூபாய். ஆட்டத்துக்கு 300 ரூபாய் சேர்கிறது, கமிஷன் 5 சதவீதம், அதாவது 15 ரூபாய். மணிக்கு 30 ஆட்டம் என்றால் 450. இதே வேகத்தில் போனால் 27 மணி நேரத்தில் 12,000 ரூபாயும் கமிஷனாகவே போய்விடும். ஆறு பேரும் தோற்றிருப்பார்கள். யார் யாரிடம் தோற்றோம் என்றுதான் ஒருவருக்கும் தெரியாது!

ஆன்லைனில் இன்னும் வேகம். அதோடு, 2023 அக்டோபரில் இருந்து கட்டிய பணத்துக்கு 28 சதவீதம் ஜி.எஸ்.டி.யும், அதே வருடம் ஏப்ரலில் இருந்து நிகர ஜெயிப்பில் 30 சதவீதம் வருமான வரியும் விதித்தார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றுக்கும் தடைச் சட்டம் கொண்டுவந்தது. பெரிய கம்பெனிகள் கடையை மூடின. வராந்தாக்கள் மூடவில்லை.

'ஜெயிச்சவங்களே இல்லையா?' என்பீர்கள். இருக்கிறார்கள். 2003ல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்க அக்கவுன்டன்ட் (நிஜப் பெயரே அதுதான்!) இன்டர்நெட்டில் நூறு டாலருக்கும் குறைவாகக் கட்டித் தகுதி பெற்று, உலக போக்கர் போட்டியில் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அந்தப் போட்டியில் ஆடியவர்கள் 839 பேர். அவரைப் பார்த்து மயங்கி, அடுத்த வருடம் 2,576 பேர். 2006ல் 8,773 பேர். மணிமேக்கர் பெயர் எல்லோருக்கும் தெரியும். கூட ஆடிய மற்ற 838 பேரில் ஒருவர் பெயராவது தெரியுமா?

ஆடாதீர்கள் என்று சொன்னால் நீங்கள் கேட்கப்போவதில்லை. அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டில் யாராவது காசு வைத்து ஆடினால், நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். உட்காரும்போது எவ்வளவு, எழும்போது எவ்வளவு, தேதி போட்டு இரண்டே வரி. ஜெயித்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் சாமர்த்தியம் மனசுக்கு உண்டு, நோட்டுக்குக் கிடையாது. மூன்று மாதம் எழுதி, அடியில் ஒரு கோடு போட்டுக் கூட்டச் சொல்லுங்கள்.

பெரும்பாலானவர்கள் கூட்டும் வரை எழுத மாட்டார்கள். எழுதுவதை எந்தத் தேதியில் நிறுத்தினார்கள் என்று மட்டும் பாருங்கள். தோற்கத் தொடங்கிய தேதி அதுவாகத்தான் இருக்கும்.