காதற் கதையும் தோழமையும்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் இல்லத்தில் ரமணிசந்திரனின் காதற் புதினங்களுக்குக் குறைவில்லை. இரயில்வே எழுத்தராகிய நானும் அவற்றை விரும்பிப் படிப்பவனே. ஆயினும் ஒன்று சொல்வேன்: இக்காலக் காதற் கதைகள் பலவற்றில், தலைவி மணமாலை சூடியதும் தோழி மறைந்துவிடுகிறாள். சங்க அகப்பாடல்களிலோ தோழிக்கெனத் தனிக் கூற்றே உண்டு. தலைவியின் காதலைச் செவிலிக்கு உணர்த்தி அறத்தொடு நிற்பவள் அவளே. 1961-இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்ற மு.வ.வின் ‘அகல் விளக்கு’, வேலய்யன், சந்திரன் என்னும் நண்பர் இருவரின் வாழ்வையே கதையாக்கியது.

என் மனைவி மணமாகி இவ்வூர் வந்தபின், இளமைத் தோழியின் தொடர்பு மெல்ல அருகி, பின் நின்றே போயிற்று. அவள் பெயரைச் சொல்லும்போது மனைவியின் குரல் இன்றும் தழுதழுக்கிறது. ஊர்விட்டு வந்த நம் குடும்பங்களில் இத்துயர் எத்தனை பேருக்கோ! மணம் ஓர் இல்வாழ்வின் தொடக்கம். அது நட்பின் முடிவாதல் வேண்டுமா? அன்பர்களே, இவ்விடுமுறையில் நும் இல்லத்தரசியரை அவர்தம் தோழியர் வீட்டிற்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.