முருங்கைக் கீரைக் கட்டு

பங்கில் உள்ள சபைகள் ஏதேனும் ஒன்றில் சேர்ந்து பணி செய்ய வேண்டும் என்று கணவனும் மனைவியுமாக நாங்கள் பலநாள் எண்ணியதுண்டு. புனித வின்சென்ட் தே பவுல் சபையினர் எங்களை அன்புடன் அழைத்தபோது ஓர் ஐயம் எழுந்தது. தமிழகத்தில் அரிசி அட்டை உடையோருக்கு 2011 முதல் நியாயவிலைக் கடையில் விலையின்றி அரிசி கிடைக்கிறது. ஆதரவற்ற முதியோர்க்கு அரசின் உதவித்தொகையும் உண்டு. அவ்வாறாயின் இச்சபைக்கு இன்று என்ன வேலை?

சபையின் வரலாற்றைப் படித்தோம். 1833-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் பாரிஸ் மாநகரில் மாணவர் சிலர் கூடினர். அவர்களுள் ஒருவரான பிரெடெரிக் ஓசானாமுக்கு அன்று 20-ஆம் பிறந்தநாள். ஏழைகளுக்குத் திருச்சபை இன்று என்ன செய்கிறது என்று பிறர் எழுப்பிய வினா அவ்விளைஞரின் உள்ளத்தைத் தைத்திருந்தது. கையில் பெரும்பொருள் இல்லாத அம்மாணவர்கள், அருட்சகோதரி ரோசாலி ரெந்துவின் வழிகாட்டுதலில் ஏழைகளின் இல்லம் தேடிச் சென்றனர். இல்லம் தேடிச் செல்லுதலே சபையின் உயிர்மூச்சாயிற்று. ஓசானாமைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1997-இல் அருளாளர் நிலைக்கு உயர்த்தினார்.

நாங்களும் சேர்ந்தோம். வாரந்தோறும் கூட்டம், செபம், சிறு வாசகம், சந்தித்த குடும்பங்களைப் பற்றிய செய்தி. இறுதியில் ஒரு துணிப்பை சுற்றி வரும். எவர் எவ்வளவு இட்டார் என்பது எவருக்கும் தெரியாது. பின்னர் சுக்குக் காப்பியும் சிரிப்புமாக நேரம் போவதே தெரியாது. சில வாரங்களிலேயே அங்கே எங்களுக்கு அண்ணன்மாரும் அக்காள்மாரும் கிடைத்துவிட்டனர்.

எங்களிடம் ஒப்படைக்கப்பட்டவர் தனித்து வாழும் மூதாட்டி ஒருவர். சபையின் ஒழுங்குப்படி அவருடைய பேரும் ஊரும் சொல்லோம். அவர் வீட்டில் அரிசி இருந்தது. பேசுவதற்கு ஆள் இல்லை. மருந்து வாங்கி வரவும் எவரும் இல்லை. முதல் நாள் மாத்திரைகளை நீட்டினோம். அவர் கை நீட்டவில்லை.

“சும்மா வாங்க மாட்டேன், தாயீ” என்றவர், கொல்லைக்குச் சென்று முருங்கைக் கீரை ஒடித்து வந்தார். அதைக் கட்டி எங்கள் கையில் வைத்த பின்னரே மாத்திரைகளைப் பெற்றுக்கொண்டார். அன்றுமுதல் அதுவே வழக்கம். கீரையைத் தந்துவிட்டு அவர் நிமிர்ந்து அமர்கிறார். பிள்ளைகளைப் பற்றியும் இறந்துபோன கணவரைப் பற்றியும் பேசுகிறார்.

எலியா இறைவாக்கினர் பசித்திருந்த காலத்தில், கைப்பிடி மாவு மட்டுமே வைத்திருந்த சாரிபாத்துக் கைம்பெண்ணிடம் ஆண்டவர் அவரை அனுப்பினார். ஏழைக்கும் கொடுக்கும் உரிமை உண்டு. அவ்வுரிமையைப் பறித்துவிட்டுச் செய்யும் உதவி, பெறுபவரின் தலையைக் குனியச் செய்துவிடும். நியாயவிலைக் கடை அரிசி தருகிறது, அது நன்று. ஆனால் அவர் தரும் கீரையைப் பெற்றுக்கொள்ள அங்கே ஒருவரும் இல்லை. எங்கள் ஐயத்திற்கு விடை இதுவே.

அன்பர்களே, உங்கள் பங்கிலும் இச்சபை இருக்கக்கூடும், விசாரியுங்கள். எம்மிடம் பொருள் இல்லையே எனத் தயங்க வேண்டாம். தொடங்கிய மாணவர்களிடமும் அது இருக்கவில்லை. வாரத்தில் ஒரு மாலைப்பொழுதும், கொடுப்பதைப் போலவே பெற்றுக்கொள்ளவும் அறிந்த கைகளும் போதும்.