துருவனுக்கு வழி சொன்னவர்

வீட்டை விட்டுப் போன பிள்ளை, வழியில் எதிர்ப்படும் நாடோடி ஆசான் என்றதும் நாவல் வாசகர்களுக்குக் கிப்ளிங்கின் ‘கிம்’ (1901) நினைவுக்கு வரலாம். எனக்குத் துருவன்தான் நினைவுக்கு வருகிறான். ஐந்து வயதுச் சிறுவன், காடு, அச்சுறுத்தும் மாய உருவங்கள், இறுதியில் வானத்தில் ஓர் இடம் என்று சாகசக் கதைக்குரிய அனைத்தும் அதில் உண்டு. பக்திக் கதை என்று பூஜையறையில் வைத்துவிட்டதால், அதிலுள்ள மனிதர்களை நாம் சரியாகப் பார்க்காமலே விட்டுவிட்டோமோ என்பது என் ஐயம்.

கதை தெரிந்ததே. உத்தானபாத மன்னனுக்கு உகந்தவள் சுருசி. அவள் மகன் உத்தமன் தந்தையின் மடியில் இருக்கிறான். சுநீதியின் மகன் துருவனும் ஏற முனைகிறான். என் வயிற்றில் பிறக்காத உனக்கு இந்த மடி இல்லை என்கிறாள் சுருசி. அரசன் வாய் திறக்கவில்லை. சிறுவனை வெளியேற்றியது சுருசியின் சொல் என்றே கதை சொல்பவர்கள் சொல்வார்கள். அந்த மௌனம்தான் வெளியேற்றியது என்பேன் நான்.

இப்படி நான் சொல்லக் காரணம் உண்டு. எண்பதுகளில், கெங்கவல்லியில், என் சித்தப்பா மகன் ஒருநாள் காணாமற்போனான். வயது ஒன்பது. உறவினர் கூடியிருந்த இடத்தில் அவன் மதிப்பெண்களை அண்ணனுடையவற்றோடு ஒப்பிட்டுப் பரிகசித்தார்கள். சித்தப்பா பேசாமல் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மாலையில் பையன் இல்லை. சுவேத நதிக்கரை, கிணறுகள், சினிமாக் கொட்டகை எல்லாம் தேடினார்கள். கிணற்றில் தேடும்போது சித்தி நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அவன் ஆத்தூர் பேருந்து நிலையத்தில் இருந்தான். ஊர் ஊராகப் போய்ப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் ஒருவர் அவனைக் கண்டு, “கண்ணு, டீ குடிக்கிறயா?” என்று மட்டும் கேட்டிருக்கிறார். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. வீட்டுக்குப் போ என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பையன் தலையாட்டி மறுத்துவிட்டான். இரவு தன் துணி மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுக்கச் செய்து, கெங்கவல்லி செல்லும் கடைசிப் பேருந்தின் நடத்துநரிடம் செய்தி சொல்லி அனுப்பினார். காலையில் போன எங்கள் ஆட்கள் முதலில் செய்தது அவர் சட்டையைப் பிடித்ததுதான். பிள்ளை பிடிக்கிறவன் என்றார்கள். நடத்துநர் குறுக்கே வந்திராவிட்டால் அடித்திருப்பார்கள்.

பாகவதத்தின் நான்காம் கந்தத்தை வெகுகாலம் கழித்துப் படித்தபோது இந்த மனிதர்தான் என் மனத்தில் நின்றார். நாரதரும் முதலில் வீட்டுக்குத்தான் போகச் சொல்கிறார். இந்த வயதில் மானம் என்ன, அவமானம் என்ன என்கிறார். நீங்கள் சொல்வது நல்லதுதான், ஆனால் என் நெஞ்சில் நிற்கவில்லையே என்கிறான் சிறுவன். அதன்பிறகு அவர் வற்புறுத்தவில்லை. யமுனைக் கரையின் மதுவனத்துக்குப் போகச் சொல்லி, மந்திரத்தையும் இருக்க வேண்டிய முறையையும் கற்பிக்கிறார்.

அடுத்து நாரதர் செய்வதே இக்கதையின் உயிர். நேராக அரண்மனைக்குப் போகிறார். அரசன் அங்கே முகம் வாடி இருக்கிறான். களைத்துப் பசித்த பிள்ளையை ஓநாய்கள் தின்றிருக்குமே என்று அரற்றுகிறான். அஞ்சாதே, அவன் பாதுகாப்பாக இருக்கிறான் என்று தேற்றுகிறார் நாரதர். விஷ்ணு புராணத்தில் துருவனுக்கு வழி சொல்பவர்கள் ஏழு முனிவர்கள். அங்கே இந்த அரண்மனைக் காட்சி இல்லை. பிள்ளைக்கு வழி, தந்தைக்குச் செய்தி என்று இரண்டையும் ஒருவரே செய்ய வேண்டும் என்று பாகவதம் பாடியவருக்குத் தோன்றியிருக்கிறது. அவர் நம்மைப் போலப் பிள்ளையைத் தேடிய வீடு ஒன்றைப் பார்த்திருக்க வேண்டும்.

இன்று 1098 என்ற எண் இருக்கிறது. தனித்து வந்த குழந்தையை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். நல்லதுதான். ஆனால் 2018 மே மாதம் போளூர் அருகே, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டி ஒருவர், வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். அச்செய்தியைப் படித்த அன்று ஆத்தூர் பேருந்து நிலையத்தில் கசங்கிய அந்தச் சட்டையை எண்ணிக்கொண்டேன். வீணையோடு வந்தாலும் நாரதர் இன்று தப்புவது கடினம்.

துருவ நட்சத்திரம் வானின் உச்சியில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். கெங்கவல்லியிலிருந்து பார்த்தால் வடக்கே அடிவானத்துக்கு மேல் சுமார் 11 பாகைதான். நீட்டிய கையின் ஒரு முஷ்டியைவிடச் சற்றே அதிகம். கல்வராயன் மலைப்பக்கம் மேகம் கவிந்தால் அதுவும் இல்லை. அசையாதது என்பதும் முழு உண்மை அன்று. புவியின் அச்சு மெல்லச் சுழல்வதால், ஏறத்தாழ 4,800 ஆண்டுகளுக்கு முன் வடதுருவத்தை ஒட்டி நின்றது வேறொரு விண்மீன்.

துருவனுக்கும் அந்த இடம் முழு நிறைவைத் தரவில்லை. வரம் பெற்றுத் திரும்புகையில், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேனே என்று வருந்துகிறான். ஊர் எல்லையில் அரசன் தேரிலிருந்து இறங்கி ஓடிவருகிறான். சுருசியும் சுநீதியும் உத்தமனோடு ஒரே பல்லக்கில் வருகிறார்கள். காலில் விழுந்த பிள்ளையை முதலில் வாரியெடுத்து வாழ்த்துகிறவள் சுருசி. பிள்ளை திரும்பி வருவான் என்று நாரதர் சொல்லியிருந்தது அரசனுக்கு நினைவிருக்கிறது. சொன்னவர் அந்தக் கூட்டத்தில் இல்லை.